சிப்பாய் தொடாத துப்பாக்கி

வெல்டா ரூபிச் பரிசுச்சீட்டு வாங்கியது ஃப்ரீஸருக்காக. பிரைஸ் கார்னர் ஊர்த் தீயணைப்புப் படையினர் ஆண்டுதோறும் நடத்தும் கோழி விருந்தில் அந்த வருஷம் முதல் பரிசு ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி, இரண்டாம் பரிசு ஃப்ரீஸர். அவள் கணவன் ட்வைட் இலையுதிர் காலத்தில் இரண்டு மான் சுட்டுக்கொண்டு வந்தால் ஒன்றை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. வீட்டில் வைக்க இடமில்லை. குலுக்கினார்கள். ஃப்ரீஸர் பாதிரியாருக்கு விழுந்தது. அவர் இறைச்சி தொடாதவர். துப்பாக்கி வெல்டாவுக்கு.

"மாத்திக்கலாமான்னு பாதிரியாரக் கேளேன்" என்றான் ட்வைட்.

"ஞாயித்துக்கெழம அவரு துப்பாக்கியோட பிரசங்க மேடையில நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் வெல்டா.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தொன்பது வருஷம் சோபா தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவள். தொழிற்சாலை தெற்கே போய்விட்டது. போகும்போது இயந்திரங்களைக் கொண்டுபோயிற்று, வெல்டாவைக் கொண்டுபோகவில்லை. இரண்டு வருஷமாக அவள் கை சும்மா இருந்தது. குற்றப் பின்னணிச் சோதனையெல்லாம் முடிந்து துப்பாக்கிக் கடைக்காரர் பரிசை அவளிடம் கொடுத்த அன்று மதியம், சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்துப் பார்த்தாள். விசைக்கூட்டைப் பின்னால் இழுத்தால் கழன்றது. குழலைத் தூக்கினால் மரக்கட்டையிலிருந்து அதுவும் கழன்றது. ஒரு கருவியும் தேவைப்படவில்லை. சேற்றில் படுத்துக்கொண்டு, விரல் விறைத்துப்போன ஒருவன் இருட்டில் பிரித்துச் சேர்க்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். இந்த மனுஷன் தையல் இயந்திரம் செய்யப் போயிருந்தால் என் முதுகு பிழைத்திருக்குமே என்று நினைத்தாள்.

ஏழு மணிக்கு ட்வைட் எட்டிப்பார்த்தான். "சாப்பாடு?"

"மேஜ காலியில்ல."

ஒரே வேலையைச் செய்ய ஸ்வீடன்காரன் எப்படி யோசித்தான், இங்கிலாந்துக்காரன் எப்படி யோசித்தான் என்று பார்க்கும் ஆசை அவளுக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. நாட்டுக்கு ஒன்றாக, கழித்துப்போட்ட ராணுவத் துப்பாக்கிகளாகச் சேர்ப்பது என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். தகட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத மரத்தில், கத்தி முனையால் பொடிப்பொடியாகக் கீறியிருந்தது: ஈ. வோஸ்னிக்கினுடையது. எடுத்தவன் திரும்ப வை.

வெல்டா அதை நாலைந்து தடவை படித்தாள். பிறகு தகட்டை மறுபடி திருகி மூடினாள்.

*

அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர்த் துப்பாக்கிச் சந்தைக்குப் போனாள். முதல் மேஜைக்காரர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"எப்பம்மா போனாரு?"

"யாரு?"

"வீட்டுக்காரரு."

"காலைல எட்டு மணிக்கு. பேஸ்பால் பாக்க, மச்சான் வீட்டுக்கு."

ஒரு பெண் துப்பாக்கி மேஜைகளைச் சுற்றுகிறாள் என்றால் செத்த கணவனுடையதை விற்க வந்திருக்கிறாள் என்பது அங்கே எல்லாருடைய கணக்கு. அன்று மதியத்துக்குள் ட்வைட்டுக்காகப் பதினோரு பேர் இரங்கல் சொன்னார்கள். ஒருவர், ரொம்ப வலியில்லாமல் போனாரா என்று விசாரித்தார். வாங்க வந்திருக்கிறேன் என்று வெல்டா சொன்னதும் அதே முகங்கள் இறுகின.

"நல்ல சரக்கெல்லாம் பேரவை ஆளுங்க கையிலதாம்மா இருக்கு. பேரவையில சேராம உனக்கு ஓட்ட டப்பாதான் கெடைக்கும்."

பேரவை என்றால் மூன்று மாவட்டப் பழம்படைத் துப்பாக்கிக் காப்புப் பேரவை. மாதம் ஒருமுறை பவுலிங் கூடத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் கூடும். வெல்டா மே மாதக் கூட்டத்துக்குப் போனாள். இருபத்துநாலு ஆண்கள் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெல்வெட் தலையணைமேல் துப்பாக்கி ஒன்று கொண்டுவரப்பட்டது. எல்லாரும் எழுந்தார்கள். வெல்டாவும் எழுந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உருட்டிய பந்து பத்துக் கட்டைகளையும் சாய்த்த சத்தம் கேட்டது.

பிறகு வருகைப் பதிவு. கூப்பிட்டது ஆட்களின் பெயரை அல்ல, துப்பாக்கிகளின் எண்ணை. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் சொந்தக்காரர் எழுந்து, "இருக்கிறது, நலம்" என்றார். ஒருவர் மட்டும் தழுதழுத்த குரலில், "இருக்கிறது, கொஞ்சம் துரு" என்றார். பக்கத்திலிருந்தவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பேரவைத் தலைவரைத் தளபதி என்று அழைப்பது வழக்கம். தளபதி டாக்டர் ஹோபார்ட் தோர்ன்பரி நாற்பது வருஷம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர். பாதம் தட்டையாக இருந்ததால் ராணுவத்தில் எடுக்கவில்லை. அதைப் பற்றிப் பேரவையில் யாரும் பேசுவதில்லை. எல்லாரும் பார்த்துப் பார்த்து அவர் காலைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"உறுப்பினராகணும்னா குறைஞ்சது மூணு துப்பாக்கி இருக்கணும், மேடம்" என்றார் தளபதி.

"ஒண்ணுதான் இருக்கு. இங்க யாராவது ரெண்டு வித்தா மூணாயிடும்."

"உறுப்பினர் அல்லாதவங்களுக்கு எங்க ஆளுங்க விக்கக் கூடாது. விதி ஆறு."

"மூணு இல்லாம சேர முடியாது. சேராம மூணு வாங்க முடியாது."

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று தளபதி மகிழ்ந்தார். "பல பேருக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆவுது."

"அப்போ நீங்கள்லாம் எப்படிச் சேந்தீங்க?"

"நாங்க விதி எழுதறதுக்கு முன்னாடியே சேந்துட்டோம்."

இருந்தாலும் வழி இருந்தது. இருக்கிற ஒரு துப்பாக்கியைப் பரிசோதனைக்குக் கொடுத்து அது தேறினால், வெல்டாவை எதிர்நோக்கு உறுப்பினராக, அதாவது மீதி இரண்டை வாங்கும்வரை தற்காலிக உறுப்பினராக, ஏற்றுக்கொள்வார்கள். மூன்று பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். சோபா தொழிற்சாலை மூடும்போது பதினாலு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவளுக்கு மூன்று பக்கம் பெரிதாகத் தெரியவில்லை. படிக்காமல் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

*

ஜூன் மாதம் பரிசோதனை. பச்சைத்துணி விரித்த மேஜைக்கு அந்தப் பக்கம் தளபதி, அவருக்கு வலப்புறம் துப்பாக்கி எண்களின் பதிவாளர் பிரென்டிஸ் கூக், இடப்புறம் அழுக்குத் துணைக்குழுவின் மூன்று பேர். துணைக்குழுத் தலைவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குழலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"அழுக்கு எங்கம்மா?"

"எந்த அழுக்கு?"

"நாப்பத்தஞ்சாம் வருஷத்து அழுக்கு. கிடங்குல பூசின மசகு. இடுக்குலயெல்லாம் பழுப்பா, மெழுகு மாதிரி இருந்திருக்குமே."

"ஆமாம், இருந்துச்சு. கழுவிட்டேன்."

மண்டபத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"எதுல?"

"பாத்திரம் கழுவற சோப்புல. எலுமிச்ச வாசனைது."

துணைக்குழுவில் ஒருவர் காற்று வாங்க வெளியே போனார். இன்னொருவர் கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டாவுக்குத் தான் யாரையோ கொன்றுவிட்டதுபோல் இருந்தது. நிலைமையைச் சரிக்கட்டலாம் என்று நினைத்து, தன்னிடமிருந்த ஒரே நல்ல சேதியைச் சொன்னாள்.

"அடித்தகட்டக் கழட்டிப் பாருங்க. உள்ள ஒரு சிப்பாய் பேரு எழுதியிருக்கான்."

"திருகாணியத் திருப்பினீங்களா?" என்றார் கூக் மெதுவாக. "அனுமதி இல்லாம?"

கழற்றிப் பார்த்தார்கள். தளபதி பூதக்கண்ணாடியால் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பேசப்போகிறார் என்று அர்த்தம், எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"நண்பர்களே, முப்பது வருஷமா இந்தப் பொருள்கள நேசிக்கிறவன் நான். சொல்றதுக்கு வேதனையாத்தான் இருக்கு. இந்த மண்ணுல தயாரான ராணுவத் துப்பாக்கிகளுக்கு நேர்ந்த கேடுகள்ல ஈரத்தச் சொல்லுவாங்க, கரையானச் சொல்லுவாங்க. நான் சொல்றேன், சிப்பாய விடப் பெரிய கேடு கெடையாது. தொழிற்சாலையிலேர்ந்து கண்ணாடி மாதிரி வருது. இவன் கையில குடுக்கறாங்க. இவன் என்ன பண்றான்? மழையில கொண்டு போறான். தரையில வைக்கறான். ஊனிக்கிட்டு மலை ஏறறான்! சில பேரு, வெக்கமா இருக்கு, அதாலயே ஆள அடிச்சிருக்கானுங்க. அதுக்கெல்லாம் செஞ்ச பொருளா இது? இப்ப இந்த வோஸ்னிக், யாரோ, கத்திய எடுத்து இதுமேல எழுதியிருக்கான். இவனையெல்லாம் நம்பி நாம ஒரு போருக்கே அனுப்பிச்சிருக்கோம்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துப்பாக்கியில் சிவப்புச் சீட்டுக் கட்டினார்கள். அதில் 'கெட்டது' என்று அச்சடித்திருந்தது.

"சரி, குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் வெல்டா.

கூக் படிவத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். பரிசோதனைக்கு வந்த துப்பாக்கி கெட்டது என்று தெரிந்தால், திருத்தி முடியும்வரை, ஒரு வருஷத்துக்கு மிகாமல், பேரவையின் பாதுகாப்பில் இருக்கும். கெட்ட மரத்தைக் கழற்றிவிட்டுக் கறைபடாத வேறு மரத்தைப் பொருத்துவார்கள். கழற்றியதை எரித்துவிடுவார்கள்.

"எரிக்கணுமா? எதுக்கு?"

"நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் கையில அது கெடைச்சா, யாரோ இத உபயோகிச்சிருக்காங்கன்னு தப்பா நெனைச்சிருவார்" என்றார் கூக்.

எழுத்துக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து சாட்சி சொன்னால் மறுவிசாரணை உண்டு என்று விதி பத்தொன்பது சொன்னது. அதுவரை யாரும் வந்ததில்லை. இப்படிப் பேர் கீறியவர்கள் பெரும்பாலும் செத்துப்போயிருப்பார்கள் என்பதால் அந்த விதியால் தொந்தரவு வந்ததில்லை என்று தளபதி விளக்கினார்.

*

ட்வைட் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினான். மூன்று மாவட்டத்திலும் சேர்த்து வோஸ்னிக் என்று நாலு பேர். மூன்றாவது ஆள் எமில் வோஸ்னிக், பதினொரு மைல் தள்ளி. ஆகஸ்டில் வெல்டா போனபோது அவர் சாலையோரம் வண்டித்தட்டில் சோளக்கதிர் விற்றுக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. வேலைக்காலம் முழுக்கக் கூரைகளுக்குத் தார் பூசியவர். காது மடல்கள் இன்னும் கருத்திருந்தன.

வெல்டா விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கதிரின் மேல்தோலை உரித்துப் பார்த்துவிட்டு மூடினார்.

"அந்தக் கருமத்தக் காசு குடுத்தா வாங்கறாங்க?"

"நெறைய காசு குடுத்து."

"ஒம்போதரை பவுண்டு. மலை ஏறறப்போ முப்பது. ராத்திரி தூங்கறப்போ பக்கத்துல ஐஸ்கட்டி மாதிரி கெடக்கும். ஆசப்பட்டு வாங்கறாங்களா?"

"கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடறாங்க."

"எங்களுக்குக் கையுறை வரவே ஜனவரி ஆயிப்போச்சு" என்றார் வோஸ்னிக்.

எதற்காக எழுதினீர்கள் என்று வெல்டா கேட்டாள். ஒரு கார் நின்றது. ஒரு டஜன் கதிர் எடுத்துப் போட்டுக் கொடுத்தார். கார் போனபிறகு சொன்னார்.

"ஹாஸ்கெல்னு ஒருத்தன். கென்டக்கிக்காரன். அவனோடதத் தொடைக்கவே மாட்டான். நான் தொடைச்சு வச்சிட்டுத் தூங்கினா, காலைல என்னோடது அவன் கையில இருக்கும், அவனோட அழுக்கு என் பக்கத்துல கெடக்கும். கேட்டா, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, உன்னோடதுன்னு எப்படித் தெரியும்பான். அதான் கீறி வச்சேன். சார்ஜென்ட் கண்ணுல படக்கூடாதுன்னு தகட்டுக்கு அடியில. ஒருநாள் கழட்டிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சான்."

"அப்புறம் எடுக்கலியா?"

"மறுநாளே எடுத்துட்டான். ரோந்துக்குப் போற அவசரம். சரி, வரட்டும், வந்ததும் ரெண்டு விடலாம்னு இருந்தேன்." அவர் தட்டிலிருந்த கதிர்களை ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினார். "துப்பாக்கி எங்கயோ போய்ச் சேந்திருக்கு பாரு. அவன் வரல."

சாட்சி சொல்ல வருகிறீர்களா என்று கேட்டாள். துப்பாக்கியில் அவருக்கு அக்கறையில்லை. ஆனால் அதை ஆசைப்பட்டு வாங்குகிற மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார்.

*

செப்டம்பரில் மறுவிசாரணை. ட்வைட் வண்டி ஓட்டி வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும் பேரவையினர் அவனிடம் ஓடி வந்து கைகுலுக்கி, துப்பாக்கி யாருடையது, எப்போது வாங்கியது என்று கேட்கத் தொடங்கினார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் செத்துப்போயிட்டேன்னு இல்ல கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் காப்பி இருந்த பக்கம் போனான்.

வோஸ்னிக்குக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். தார் பூசி வீங்கிய விரல்கள் அதில் நுழையவில்லை. நுழையாததால் துப்பாக்கியைத் தொடக் கூடாது, மூன்றடி தள்ளி நிற்கலாம் என்று தீர்மானமாயிற்று.

"துப்பாக்கியோட எண் ஞாபகம் இருக்கா?" என்றார் கூக்.

"ரெண்டு, எட்டு, ஆறு, ஒண்ணு, நாலு, ஒம்போது, பூஜ்யம்."

சலசலப்பு எழுந்தது. தளபதி கையை உயர்த்தினார். "கவனிங்க. கல்யாண நாளே மறந்துபோற வயசுல ஏழு இலக்கம் ஞாபகம் இருக்குன்னா, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

"மறந்திருந்தா?" என்றாள் வெல்டா.

"மறந்திருந்தா இது அவரோடது இல்லன்னு ஆயிருக்கும்."

"அப்போ அவரு என்ன சொன்னா ஒத்துக்குவீங்க?"

தளபதி யோசித்தார். "நல்ல கேள்வி. விதியில அதுக்கு எடம் இல்ல."

கூக் தன் பேரேட்டைத் திறந்தார். அவர் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து தொகுத்தது. எண்வாரியாக எந்தத் துப்பாக்கி எந்தக் கிடங்கில் எப்போது இருந்தது என்று அதில் இருக்கும். விரலை வைத்து நிறுத்தினார். "இந்த எண் ஐம்பத்தெட்டாம் வருஷம் வரைக்கும் யூட்டா மாநில ராணுவக் கிடங்குல பெட்டிக்குள்ள இருந்திருக்கு. ஐம்பத்தொண்ணு பிப்ரவரியில நீங்க எங்க இருந்தீங்க, மிஸ்டர் வோஸ்னிக்?"

"கொரியாவுல. ஒரு குன்று மேல."

"கையில என்ன வச்சிருந்தீங்க?"

"இதத்தான்."

"இது யூட்டாவுல இருந்துது."

"அப்போ நான் யூட்டாவுல குளிர் தாங்காம சுண்டுவெரல இழந்திருக்கேன்" என்று வோஸ்னிக் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

கூக் அந்தக் கையைப் பார்க்கவில்லை, பேரேட்டைத்தான் பார்த்தார். "நீங்க தப்பா நினைக்கக் கூடாது. மனுஷ ஞாபகத்துல அடித்தல் திருத்தல் நெறைய இருக்கும். இதுல ஒரு அடித்தல்கூட இல்ல."

"நான் எழுதினதுதான் கட்டையில இருக்கே."

"அதனாலதான் அது கெட்டது" என்றார் தளபதி பொறுமையாக. "நாங்க பாக்கறது ஒண்ணே ஒண்ணு. எல்லா உறுப்பும் பிறப்பிலேயே வந்ததா இருக்கணும். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் மதிப்பெண் போயிரும்."

"எனக்கு இடுப்பு எலும்பு மாத்தியாச்சு. முழங்கால் ஒண்ணு இரும்பு. பல்லு மேலும் கீழும் கட்டினது. எனக்கு எத்தன மார்க் போடுவீங்க?"

சிலர் சிரித்தார்கள். தளபதி சிரிக்கவில்லை. தொழில் பழக்கத்தில் கிழவரின் வாயைக் கூர்ந்து பார்த்து, "கீழ்வரிசை சரியாப் பொருந்தல" என்றார்.

பிறகு தீர்மானம் முன்மொழிந்தார்கள். கூக் எழுந்து படித்தார்: மேற்படி எண்ணுள்ள துப்பாக்கி எந்தப் போரிலும் இருந்ததில்லை, ஆகவே அதை வைத்திருந்ததாகச் சொல்லும் எமில் வோஸ்னிக் மேற்படி குன்றின் மேல் இருக்கவில்லை, ஆகவே அந்தத் துப்பாக்கி சிப்பாய் தொடாதது, முதல் தரம், அதன் மரம் மட்டும் மாற்றப்பட வேண்டும். ஆதரவு இருபத்துமூன்று. எதிர்ப்பு இல்லை. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்ததால் ஓட்டளிக்கவில்லை.

வோஸ்னிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படுத்தா தூக்கம் வராம, நான் அங்க இல்லாமலே இருந்திருக்கக் கூடாதான்னு அறுபது வருஷமா நெனைச்சுக்கிட்டுக் கெடந்திருக்கேன்" என்றார். "டாக்டர்கிட்டப் போயிருக்கேன், பாதிரியார்கிட்டப் போயிருக்கேன். யாராலயும் முடியல. நீங்க கால்மணி நேரத்துல முடிச்சுட்டீங்க."

தளபதி அடக்கத்துடன் தலையசைத்தார். "அதுக்குத்தானே பேரவை இருக்கு."

"ஒரு சின்ன விஷயம் பாக்கி. நான் அந்தக் குன்றுல இல்லன்னா, எனக்குப் பக்கத்துல இருந்த ஹாஸ்கெலும் இல்ல. அப்படித்தானே? அப்போ அவன் இப்ப எங்க இருக்கான்? அதையும் ஓட்டுக்கு விடுங்க."

தளபதி காகிதங்களைப் புரட்டினார். கூக்கும் புரட்டினார்.

"ஹாஸ்கெல் இன்னிக்கு நிகழ்ச்சிநிரல்ல இல்ல" என்றார் தளபதி. "அடுத்தது சாப்பாடு."

நாற்காலிகள் நகர்ந்தன. பக்கத்து அறையிலிருந்து பன்றித்தொடை வறுவலின் வாசனை வந்தது. வெல்டா நகரவில்லை. அவள் கையில் விதிப்புத்தகம் இருந்தது. இரண்டு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம், தளபதி. முதல் பக்கத்துல 'துப்பாக்கி என்பது எண் பொறித்த இரும்பே. மரம் அதன் உடை மட்டுமே'ன்னு போட்டிருக்கு."

"நான் எழுதினதுதான்" என்றார் அவர்.

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது துப்பாக்கிய. உடைய இல்ல."

அவள் கையுறை போடவில்லை. விசைக்கூட்டை இழுத்தாள், குழலைத் தூக்கினாள். இருபது வினாடிகூட ஆகவில்லை. இரும்பைப் பச்சைத்துணிமேல் வைத்துவிட்டுக் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. கெட்ட மரத்தை எரிக்கிற வேலை மிச்சமாயிற்று என்று அழுக்குத் துணைக்குழுவுக்கு நிம்மதிதான். தங்கள் விதியை ஒரு பெண் இவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறாளே என்று கூக் கொஞ்சம் நெகிழ்ந்தும் போனார்.

வண்டியில் வெல்டா கட்டையைப் பெரியவர் மடியில் வைத்தாள். அவர் தகட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீயே வச்சுக்கம்மா. நல்லாத் தொடைச்சு வை" என்றார்.

*

அந்த வாரமே வெல்டா உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள்: எழுதியது, கீறியது, கருகியது, உடைந்து ஒட்டியது எதுவானாலும் சரி, பழைய ராணுவத் துப்பாக்கி வாங்கிக்கொள்கிறேன். பேரவைக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிய சரக்கெல்லாம் வரத் தொடங்கியது. தேநீர் டப்பா சூட்டில் கருகிய வட்டம் விழுந்த இங்கிலாந்துத் துப்பாக்கி ஒன்று. கட்டையில் ஒரு பெண்ணின் பெயரைக் கீறி, பிறகு அதை அடித்துவிட்டு வேறு பெண்ணின் பெயரைக் கீறியிருந்த செக் துப்பாக்கி ஒன்று. பின்னால் கைப்பிடி வைத்த ஸ்வீடன் துப்பாக்கி ஒன்று. வெல்டா மூன்றையும் பிரித்தாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், சேர்த்தாள். மூன்று துப்பாக்கி வந்துவிட்டதே, சேரலாமா என்று பேரவைக்கு எழுதிக் கேட்டாள். மூன்றும் கெட்டவை என்பதால் மொத்தத்தில் பூஜ்யம் என்று கூக் பதில் எழுதினார். வெல்டா சிரித்தாள். அந்தக் கடிதத்தைப் பார்த்து ட்வைட் அதைவிட அதிகமாகச் சிரித்தான். மேஜையில் இடமில்லாததால் இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

அக்டோபர் கடைசியில் மாவட்டச் சந்தைத் திடலில் பேரவையின் ஆண்டுக் கண்காட்சி. வோஸ்னிக் தாமாகவே தொலைபேசியில் கூப்பிட்டு, "போய்ப் பாக்கலாமா?" என்றார்.

நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் விளக்கு எரிய, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது வெல்டாவின் துப்பாக்கி. புது மரம் தேன் நிறத்தில் மின்னிற்று. நீலநாடாவும் முதற்பரிசுக் கோப்பையும் பக்கத்தில். முன்னால் ஒரு அட்டை: கொரியப் போர்க்காலத்தது. யாருக்கும் வழங்கப்படாதது. சிப்பாய் தொடாதது.

பார்க்க வந்த ஒருவர், மனைவியிடம் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கும்படி, "எவ்வளவு அழகு பாரு. இது மாதிரி எத்தனய நாசம் பண்ணிட்டானுங்களோ" என்றார்.

வோஸ்னிக் அட்டையைப் படித்தார். மூக்குக்கண்ணாடி கொண்டுவராததால் குனிந்து படித்தார். பிறகு நிமிர்ந்து, இடது கையை விரித்துப் பெட்டியின் மேல் வைத்தார். நாலு விரலும் உள்ளங்கையும் கண்ணாடியில் பதிந்தன.

காவலுக்கு நின்ற உறுப்பினர் ஓடிவந்தார். "தொடக்கூடாது, பெரியவரே" என்று சொல்லி, பையிலிருந்த மெல்லிய துணியால் அந்தக் கைத்தடத்தைத் துடைத்தார். வாயால் ஊதி மறுபடி துடைத்தார். கண்ணாடி பளிச்சென்றாயிற்று.

அவர் இரண்டடி நகர்ந்ததும் வோஸ்னிக் கையை மறுபடி அதே இடத்தில் வைத்தார். உறுப்பினர் திரும்பி வந்து துடைத்தார். வோஸ்னிக் வைத்தார். கூட்டம் கூடியது. தளபதிக்குச் சொல்லியனுப்பினார்கள், அவர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வெள்ளைக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே வேகமாக வந்தார்.

"என்ன இது, மிஸ்டர் வோஸ்னிக்? கைய எடுங்க."

வெல்டா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். வோஸ்னிக் உட்கார்ந்தார். பிறகு வலது கையையும் தூக்கிக் கண்ணாடியின் மேல் வைத்தார்.